பி.ஏ. வீடு

என் வாயைப் பற்றி அம்மா சொல்லாத வசவு கிடையாது. ‘இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டணும்’ என்பாள். மாட்டியிருக்கலாம். தானே புயலுக்கு முந்தின வருஷம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், அந்த வாய்தான் என் என்ஜினியரிங் படிப்பைத் தின்று ஏப்பம் விட்டது. பதினேழு வயசில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. அந்த நினைப்பை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டுக்கு பி.ஏ. வீடு என்று பெயர். அப்பா வயசுக்காரர்களில் அந்தத் தெருவில் வேறு யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அப்பா சிதம்பரத்தில் படித்தவர். படித்துவிட்டு உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். கவர்மெண்டு வேலை கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததென்றும், லஞ்சம் கொடுக்க மனசு வராமல் விட்டுவிட்டதாகவும் சொல்வார். நாங்கள் நம்பினோம். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவும் பேங்க் சலான் எழுதவும் தெருவே அவரிடம்தான் வரும். ‘பி.ஏ.காரரே, இதக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று யாராவது நீட்டினால், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றும் தோரணை இருக்கிறதே, கலெக்டர் கெட்டார் போங்கள்.

எனக்கு எலக்ட்ரிகல் என்ஜினியராக வேண்டும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டாவது படிக்கும்போது நெய்வேலி ரோட்டில், தலையில் ஹெல்மெட்டோடு ஒரு அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி நான்கைந்து ஆம்பிளைகளுக்கு ஏதோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்ததை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். நான்கு வருஷம் அந்த ஒரே நினைப்பில் படித்தேன். மார்க்கும் வந்தது. கவுன்சிலிங் போனால் நல்ல காலேஜே கிடைக்கும் என்று கணக்கு டீச்சர் கட்-ஆஃப் போட்டுப் பார்த்துச் சொன்னார்.

விண்ணப்பம் வாங்க அப்பாவும் நானும் சிதம்பரம் போனோம். நல்ல வெயில், நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், ‘எங்கப்பா இந்த ஊருலதான் படிச்சாரு’ என்று நானாகவே சொன்னேன். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்பம் கைக்கு வந்ததும், அவர் உட்கார்ந்து படித்த வகுப்பைக் காட்டச் சொல்லி நச்சரித்தேன். பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று வேகவேகமாக நடந்தார். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்டாண்டில் எனக்கு மட்டும் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம்தான் அரசாங்கம் ஒரு புதுச் சலுகை கொண்டுவந்திருந்தது. ஒரு வீட்டில் தாத்தா, அப்பா, அண்ணன் என்று யாருமே பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால், அந்த வீட்டிலிருந்து முதல் முதலாகப் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. வி.ஏ.ஓ. விசாரித்து எழுதினால் தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து அலுப்போடு சொன்னேன், நமக்குத்தான் இது கிடைக்காதே என்று. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கெல்லாம் கொடுக்கிறார்களாம் என்று கேட்டார். சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதையே கேட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரத்தில் எல்லாம் கூடி வந்த மாதிரி இருந்தது. கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அதற்கு வழி பண்ணிவிட்டேன் என்றார் அப்பா. ஹாஸ்டல் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பரங்கிப்பேட்டையிலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், போனில் சொன்னார். என்ன வழி என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவளுக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

கவுன்சிலிங் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். சென்னைக்கு அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. கடிதத்தை அவர் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வி.ஏ.ஓ. புதிதாக மாற்றலாகி வந்தவர். நேரில் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார் என்று ஊரில் பேர். அப்பா அவரை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. துடைத்த நாற்காலியையே திரும்பத் திரும்பத் துடைத்துப் போட்டார். அவ்வளவு பெரிய ஆபீசர் வீடு தேடி வந்ததில் வந்த பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். வி.ஏ.ஓ. நல்ல மனுஷர். என்னைப் பார்த்துச் சிரித்து, ‘என்னம்மா, இன்ஜினியரிங்கா? இந்த வீட்ல மொதல்ல காலேஜ் போறது நீதான் போலருக்கு?’ என்றார்.

பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம். தலையை ஆட்டியிருந்தால் இன்றைக்கு நான் யாரோ.

‘இல்ல சார், எங்கப்பா பி.ஏ.!’ என்றேன்.

வி.ஏ.ஓ. காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுதிக் கொடுத்த மனு அவர் மடியில் பைலுக்குள் இருந்தது. அது எனக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. மாமா பெருமையாகத் தொடையைத் தட்டிக்கொண்டு, ‘மாப்ள பி.ஏ.ன்னுதான் சார் எந்தங்கச்சியவே குடுத்தோம். பத்திரிகையில போட்டிருக்கே’ என்றார். அதோடு விட்டேனா? உள்ளே ஓடி, பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைக்குக் கீழே இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்து வி.ஏ.ஓ. கையிலேயே கொடுத்தேன். அப்பா பேருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்ற இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

அவர் அதை வாசித்தார். ‘நீங்க என்ன சார் சொல்றீங்க?’ என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அடுப்படி வாசலில் அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: ‘புள்ள சொல்றது கரெக்ட்தான் சார். நான்தான் வெவரம் புரியாம எழுதிக் குடுத்துட்டேன்.’

படித்தவர் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று மட்டும் வி.ஏ.ஓ. கேட்டார். மேலே எழுதினால் வம்பாகிவிடும், போகட்டும் என்று பைலை மூடிக்கொண்டு கிளம்பினார். காபி அப்படியே இருந்தது. மாமாவுக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கத்தினார். ‘கவர்மெண்ட ஏமாத்தியா மாப்ள புள்ளய படிக்க வெக்கணும்? த்தூ!’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு ஹாஸ்டலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு படித்த மனுஷன் ஒரு பொய்ச் சான்றிதழுக்கு அலைந்தாரே என்று கூசிப் போனேன். சீட்டு போய்விட்டது என்பது ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபோதுதான் உறைத்தது. சலுகை இல்லை, மாமா இல்லை. உரக்கடைச் சம்பளத்தில் என்ஜினியரிங் காலேஜ் கேட்டைக்கூடத் தாண்ட முடியாது. ஐயோ, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அப்பா கிட்டே வந்தார். தள்ளிப் போகச் சொன்னேன்.

கவுன்சிலிங்குக்கு நாலு நாள்தான் இருந்தது. மறுநாள் விடிந்ததும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ போனார், பொழுது சாய்ந்துதான் வந்தார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. பேசினால்தானே கேட்பதற்கு?

கவுன்சிலிங் நாளன்று சென்னைக்குப் போக வேண்டியவள் குறிஞ்சிப்பாடியில் பாயில் படுத்துக் கிடந்தேன். கடிதத்தில் காலை பதினோரு மணி என்று போட்டிருந்தது. பதினொன்று அடிக்கும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் என் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆள் இல்லை என்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த அடுத்தவள் யாரோ, அவள் மேல் எனக்கு வந்த வயிற்றெரிச்சல் கொஞ்ச நஞ்சமல்ல. செத்துப் போய்விடலாம் என்றிருந்தது. மத்தியானம் அம்மா ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்ட வந்தாள். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

கடலூரில் ஒரு கலைக்கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்தது. மூன்று வருஷம் பஸ்ஸில் போய் வந்தேன். அப்பாவிடம் தேவைக்குமேல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவர் பொய்யால் அவமானப்பட்டேன், அதே பொய்யைக் காட்டிக்கொடுத்து என் வாயில் நானே மண் போட்டுக்கொண்டேன் என்று இரண்டு பக்கமும் எரிந்தேன். அப்பா போய்ச் சேர்ந்து, கருமாதியும் முடிந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

‘உங்கப்பாவுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு பேப்பர் போச்சுடி. கடசி வரைக்கும் தேறல.’

கல்யாணமான மூன்றாம் மாசமே அம்மாவுக்குத் தெரியுமாம். வருஷா வருஷம் உரம் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பரீட்சை எழுதப் போவாராம். அம்மா தெரியாத மாதிரி புளிசோறு கட்டிக் கொடுப்பாளாம். நான் பிறந்த பிறகு போவதை விட்டுவிட்டார். அப்படியென்றால் வி.ஏ.ஓ. வந்த அன்று நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். ‘அண்ணன் ஒக்காந்திருக்க, அவர எப்பிடிடி விட்டுக்குடுக்கறது?’ என்றாள். மறுநாள் வெள்ளைச் சட்டையோடு அப்பா போனதும் சிதம்பரத்துக்குத்தான். தான் தேறவில்லை என்று எழுத்தில் வாங்கிவரப் போனார். பழைய ரெக்கார்டைத் தேடி எடுக்கப் பதினைந்து நாளாகும் என்றார்களாம். பட்டம் கேட்டு வருகிறவர்களுக்கு நடுவே, பட்டம் இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டு அந்த மனுஷன் நின்றிருக்கிறார்.

வாழ்க்கை முழுவதும் அந்த விஷயத்தில் அவர் ஒரே ஒருமுறை உண்மையை எழுதிக் கொடுத்தார், எனக்காக. அதைத்தான் நான் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாவற்றையும்விட என்னை அரிப்பது வேறொன்று. என் பி.ஏ. ரிசல்ட் வந்த நாள். பிரவுசிங் சென்டரில் எடுத்த தாளோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா கடையிலிருந்து ஓடிவந்திருந்தார், மேலெல்லாம் உரத்தூசி. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, ஒவ்வொரு பேப்பராக விரல் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பாஸ். கண் கலங்கிவிட்டது.

‘நம்ம வூட்ல மொத பட்டதாரி’ என்றார்.

இன்னமும் அந்தப் பொய்யை விடவில்லையே இந்த மனுஷன் என்று எனக்குச் சுருக்கென்றது. ‘ரெண்டாவதுப்பா’ என்றேன், வெடுக்கென்று.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ‘ஆமாமா, ரெண்டாவது’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.