டென்ட்டுக்குத் தண்ணீர்

அக்கா இறந்த ஐந்தாம் நாள் அவளுடைய ஸ்லீப்பிங் பேக் வந்து சேர்ந்தது. கூரியர்க்காரர் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஹாலில் உட்கார்ந்திருந்த யாரும் எழுந்திருக்கவில்லை. நான் போனேன். ஓடிபி கேட்டார். அது அக்காவின் போனுக்குத்தான் வரும். போனைத் தேடியெடுத்து, சார்ஜ் ஏற்றி, நம்பரைச் சொல்லி வாங்குவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவர் வெயிலில் பொறுமையாக நின்றிருந்தார். வாங்கியதைப் பிரிக்காமல் பீரோவுக்கு மேல் வைத்தேன்.

பனியைப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பிள்ளைகள் இல்லை. மச்சான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மாதமே, வடக்கே பனிமலைக்குக் கூட்டிப் போகிற ஒரு குழுவில் இரண்டு பேருக்கும் இடம் போட்டாள். வைகாசியில் பயணம். ஆறு நாள் நடை, ராத்திரி கூடாரத்தில் படுக்கை. கூடாரம் நாங்களே தருவோம் என்று குழுவில் சொன்னார்கள். அடுத்தவர் படுத்த இடத்தில் படுக்க அக்காவுக்குப் பிடிக்காது. சொந்தமாக ஒன்று வரவழைத்தாள். தரையில் விரிக்கிற பாய், நெற்றியில் மாட்டுகிற விளக்கு, உள்ளங்கை அளவில் கேஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. மார்கழியில் ஒரு காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

துக்கம் விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மலைமேல் இருக்கிற எந்தக் கோயிலுக்கும் போக மாட்டோம். பனிமலையில் கோயில் இல்லையே என்று மச்சான் கேட்டதற்கு, சொந்த ஊரான எழுமலையிலிருந்து அவருடைய அண்ணன் போனில் கத்தினார்.

"மலைன்னா மலைதாண்டா. அதுல என்ன சாமி மலை, சும்மா மலை? வருசம் முடியாம காலை வச்சிராத."

மச்சான் போவதென்றுதான் இருந்தார். அக்கா போட்ட இடத்தை விட அவருக்கு மனசில்லை. அவள் இடத்தில் நான் வர வேண்டும் என்றார். எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கே போகிறோம் என்று பார்த்து நான் எப்போதும் கிளம்பியதில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுமலையிலிருந்து ஓடிப்போய், எங்கள் ஊர்க்காரர்கள் வடக்கே நடத்துகிற முறுக்குக் கம்பெனி ஒன்றில் மாவு பிசைந்தேன். மாவு மூட்டைமேல் தூங்குவேன். பிறகு லாரியில் கிளீனர். பிறகு நெல் அறுக்கிற மெஷினோடு ஊர் ஊராகப் போனேன். லாரிக்கு அடியில், ஸ்டேஷனில், களத்து மேட்டில், மழை பெய்தால் தார்ப்பாய்க்குள் என்று படுத்திருக்கிறேன். தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடினால் எழுந்து உட்கார்ந்துகொள்வோம், விடிந்துவிடும். அதற்கெல்லாம் சாமான் விற்கிறார்கள் என்பது எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். சாவுக்கு வந்தவன் மூன்று மாதமாக மதுரை திருநகரில் அக்கா வீட்டிலேயே இருந்தேன். ஒரே ஊரில் அவ்வளவு நாள் இருந்தது எனக்குப் புதிது.

பங்குனி பிறந்ததும் மச்சான் சாமான்களைக் கொல்லைக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, துவைக்கிற கல், போர் மோட்டார், இவற்றுக்கு நடுவில் கூடாரம் போடுகிற அளவுக்கு இடம் இருந்தது. டிப்போவில் டிரைவர்கள் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது என்னென்ன கோளாறு என்று ஒரு நோட்டில் எழுதுவார்களாம். அதைப் பார்த்துச் சரிசெய்து எதிரே கையெழுத்துப் போட்டால்தான் வண்டி மறுநாள் லைனுக்குப் போகும். மச்சான் அதே போல ஒரு நோட்டுப் போட்டார்.

முதல் கோளாறு கூடாரத்து ஆணி. எங்கள் வீட்டு மண்ணில் அது விரல் அளவுகூட இறங்கவில்லை. கல்லால் தட்டியதில் வளைந்தது. கடப்பாரையால் குழி போட்டு ஆணியை இறக்கினோம். "ஆணி: கெட்டித் தரைக்கு ஆகாது" என்று எழுதினார்.

"பனிமலைக்குக் கடப்பாரையத் தூக்கிட்டுப் போக முடியுமா மச்சான்?"

"நீ தூக்க மாட்டியா மாப்ள? அம்புட்டுத் தூரம் மாவு மூட்டை தூக்குனவன்தான?"

அடுப்பு காற்றில் அணைந்தது. எழுதினார். நெற்றி விளக்கு இரண்டு நாள் எரிந்தது. அதையும் எழுதினார். மூன்று இரவு இருவரும் கூடாரத்தில் படுத்தோம். நான் படுத்ததும் தூங்கிவிடுவேன். விழிக்கிறபோதெல்லாம் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். அக்கா போனதிலிருந்து அவர் தூங்கி நான் பார்க்கவில்லை. கட்டிலில் ஏறமாட்டார். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, விடியும்போது கொஞ்சம் கண்ணயர்வார். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் பகல் முழுக்கத் தள்ளாடினார். அதனால் நிறுத்திவிட்டார்.

குழுக்காரர் போனில் கேட்டாராம், ராத்திரி நல்லாத் தூங்குவீங்களா சார் என்று. தூக்கம் இல்லாமல் அந்த உயரத்தில் ஏறினால் ஆபத்து, வீட்டிலேயே பழகிப் பாருங்கள் என்றாராம். மச்சான் நோட்டில் சாமான்களுக்குக் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தார். எதிரே "தூக்கம் இல்லை" என்று இருந்தது.

"இதைச் சரி பண்ணலைன்னா வண்டி லைனுக்குப் போகாது மாப்ள. யாரு சொன்னாலும் சொல்லாட்டியும் நானே போக மாட்டேன்" என்றார். அண்ணன் கத்தியதற்கெல்லாம் அசையாதவர் அந்த நோட்டுக்குக் கட்டுப்பட்டார்.

அக்காவின் ஸ்லீப்பிங் பேக்கை நான்தான் சோதிக்க வேண்டும் என்றானது. கடுங்குளிருக்கு என்று அட்டையில் போட்டிருந்தது. மதுரை வெயிலில் அதை எப்படிச் சோதிப்பது? ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பார் ஐஸை மரத்தூளும் சாக்குமாகக் கட்டி டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு வந்தார் மச்சான். உடைத்துத் தரையில் பரப்பி, மேலே பாயை விரித்தோம். பையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். புதுத்துணி வாசம் அடித்தது. உள்ளே இறங்கிப் படுத்து ஜிப்பை இழுத்தேன். அக்கா குள்ளம். அவள் உயரத்துக்குப் பார்த்து வாங்கியிருந்ததால் எனக்குத் தோள் வரைதான் வந்தது.

"குளுருதா?"

"முதுகுல தெரியல. தோள்லதான்."

அவர் எழுதவில்லை. ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை அதே வீட்டு ஹாலில் ஒரு பகலும் ஓர் இரவும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பெட்டி லேசாக இரைந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் ஈரம் படியப் படிய அவர் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது வந்து பையின் ஜிப்பைத் திறந்தார். "எந்திரி மாப்ள, போதும்" என்றார். ஐஸ் கரைந்து முருங்கைக்குப் பாய்ந்தது. அன்றைக்கு அதோடு சரி.

மறுநாள் மத்தியானம் மழைக்குத் தாங்குமா என்று பார்த்தோம். அவர் உள்ளே படுத்து எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டும். நான் கொல்லைக் குழாயில் ஹோஸை மாட்டிக் கூடாரத்தின் மேல் அடிக்க வேண்டும். அனல் அடித்தது. மாடி டேங்க்கிலிருந்து வந்த தண்ணீர் முதலில் கொதித்தது, பிறகு ஆறியது. விரலால் ஹோஸ் வாயை அடைத்து மழை மாதிரி விசிறினேன். துணியில் சடசடவென்று சத்தம்.

"தலைமாடு?"

"ஒழுகல."

"வடக்கு மூலை?"

"இப்போதைக்கு இல்ல. விடாம ஊத்து."

கொஞ்ச நேரம் கழித்துக் கால்மாடு எப்படி என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். ஹோஸைக் கீழே விடாமல் குனிந்து, வாசல் வலை வழியாகப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குறட்டை இருந்திருக்கும், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. நோட்டு நெஞ்சின் மேல் கிடந்தது.

தண்ணீரை நிறுத்தலாம் என்று ஹோஸைக் கொஞ்சம் விலக்கினேன். சத்தம் குறைந்ததும் அவர் தலை அசைந்தது. உடனே திரும்பக் கூடாரத்தின் மேல் பிடித்தேன். தலை நின்றது. அதற்கப்புறம் நான் விலக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரம்மா மாடியில் வற்றல் எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது? குடிக்கிற தண்ணிக்கே லாரியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்க துணிக்கு ஊத்திக்கிட்டு நிக்கிறீங்க?"

நான் விரலை உதட்டில் வைத்து, உள்ளே காட்டி, கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குகிற மாதிரி செய்து காண்பித்தேன். அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும். அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவார். முறத்தை இடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்துச் சந்து வழியாகப் பெரிய மச்சான் வந்தார். எழுமலையிலிருந்து பஸ் ஏறி, தம்பியிடம் மலைக்குப் போகமாட்டேன் என்று வார்த்தை வாங்குவதற்கென்றே வந்திருந்தார். கையில் கத்தரிக்காய்ப் பை. என்னைப் பார்த்து நின்றார்.

"என்னடா மாப்ள, டென்ட்டுக்குத் தண்ணி ஊத்துற? இதுல என்ன காய்க்கும்?"

"மெதுவாப் பேசுங்க. மச்சான் உள்ள தூங்குறாரு."

"தண்ணிக்குள்ளயா?"

"நிறுத்துனா முழிச்சிருவாரு. மூணு மாசமாத் தூங்கலை."

"எங்கிட்டச் சொல்லலையேடா ஒருத்தரும்" என்றார். குனிந்து வலை வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். பையை மடியில் வைத்துக்கொண்டார். மலைப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு தடவை எழுந்துவந்து, கை வலித்தால் தான் பிடிப்பதாகச் சைகை காட்டினார். வேண்டாம் என்றேன்.

ஹோஸில் தண்ணீர் மெலிந்தது. டேங்க் தீர்ந்துகொண்டிருந்தது. மோட்டார் கூடாரத்துக்கு இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. போட்டால் அது போடுகிற சத்தத்தில் செத்தவன்கூட எழுந்துவிடுவான். நானும் பெரிய மச்சானும் மோட்டாரையும் கூடாரத்தையும் மாறிமாறிப் பார்த்தோம். தண்ணீர் சொட்டுச் சொட்டாகி நின்றது. ஹோஸுக்குள் காற்று இரைந்தது.

உள்ளே ஜிப் சத்தம். மச்சான் தவழ்ந்து வெளியே வந்தார். முகம் வீங்கி, பாயின் வரி கன்னத்தில் பதிந்திருந்தது. அண்ணனைப் பார்த்து, "வாண்ணே, எப்ப வந்த?" என்றார். என் பக்கம் திரும்பி, "எங்கயும் ஒழுகல மாப்ள" என்றார்.

அவர் சட்டையின் முதுகுப் பக்கம் வலது தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்து ஒட்டியிருந்தது. பாயில் வடக்கு மூலை முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றது.

"சட்டைய மாத்துடா" என்றார் பெரிய மச்சான்.

மச்சான் முதுகைத் தொட்டுப் பார்த்தார். கையைப் பார்த்தார். நோட்டும் ஓரத்தில் நனைந்திருந்தது. துவைக்கிற கல்லில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நனையாத பக்கமாகத் திருப்பி எழுதினார். எழுதியதைப் பெரிய மச்சானும் எட்டிப் படித்தார். கூடாரம்: வடக்கு மூலையில் ஒழுகல். லைனுக்கு ஆகாது. மறுபடி பார்க்க வேண்டும்.

"வைகாசிக்குள்ள இதைச் சரி பண்ண முடியாதுண்ணே. இந்த வருசம் ஷெட்டுலயே நிக்கட்டும்."

"நிக்கட்டும்" என்றார் பெரிய மச்சான்.

மச்சான் என்னைப் பார்த்தார். "நாளைக்கும் ஊத்திப் பாத்துருவமா மாப்ள? இதே நேரத்துக்கு?"

வியாழக்கிழமை நாக்பூருக்கு வருவதாக ஒரு லாரிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. "ஊத்திருவோம் மச்சான்" என்றேன். பாயை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, மோட்டாரைப் போட்டேன். டேங்க் நிறைய ஒரு மணி நேரம் ஆகும்.