கையைப் பின்னால் கட்டு

எங்கள் தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் என்னவோ என் தோளுக்குத்தான் வருவார். ஆனால் குரலை உயர்த்தினால் மைதானத்தில் ஓடுகிறவன் அப்படியே நின்றுவிடுவான். அவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நல்லது நிறையவே உண்டு. கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட வைத்தவர் அவர். பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே போவார். வாயாடியை அப்படித்தான் பிடித்து வந்தார். செங்கல் சூளையில் அம்மாவோடு கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண் அவள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். என் கணக்கு வகுப்பில் நான் ஒரு தப்புப் போட்டால் போதும், எழுந்து நின்று என் மானத்தை வாங்கிவிடுவாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

அரசாங்கம் எங்களுக்குக் கம்ப்யூட்டர்களை அனுப்பிய அன்று பெரிய டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. முன்பு அவர் இருந்த பள்ளியில் புரொஜெக்டர் ஒன்று திருட்டுப் போனது. கதவை உடைத்தவன் எவனோ, சஸ்பெண்ட் ஆனது அவர். அவருடைய கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் அது. மருத்துவமனையில் இருக்க வேண்டியவர் விசாரணை, விசாரணை என்று அலுவலக வராந்தாவில் காத்துக் கிடந்தார். பொருள் போனால் தலைமை ஆசிரியர் தலை உருளும், பிள்ளை ஒன்றும் கற்காமல் போனால் ஒருத்தனும் கேட்க மாட்டான். எங்கள் துறையின் லட்சணம் அது.

ஆகவே அறைக்கு இரட்டைப் பூட்டு. கம்ப்யூட்டர் வகுப்பு என்றால் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போவார்கள். "கையைப் பின்னால கட்டு!" என்பார். கட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்பார்கள். பிளாஸ்டிக் உறையை விலக்கிக் குச்சியால் காட்டுவார். "இது என்ன?" "மானிட்டர்!" "இது?" "மவுஸ்!" மறுபடி உறையை மூடிவிடுவார். பரீட்சை வெறும் தாளில்தான். கீபோர்டை எழுத்து மாறாமல் வரைந்து முழு மதிப்பெண் வாங்கினாள் வாயாடி.

எட்டாம் வகுப்புக்கு மேல் எங்கள் பள்ளியில் கிடையாது. உறைவிடப் பள்ளிக்கான தேர்வில் தேறினால் சாப்பாடும் படிப்பும் இலவசம். வாயாடியின் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "எடம் கெடச்சா அனுப்புறேன் டீச்சர். இல்லன்னா சூளைக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். ஒத்தையா என்னால முடியல."

அந்த வருஷம்தான் முதல் முறையாகத் தேர்வைக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள்.

"ஒரு வாரம் பிள்ளைங்கள தொட விடுங்க டீச்சர்," என்றேன்.

"ஏதாவது ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

"சொல்றேன்."

"உங்கள யாரு சார் கேப்பாங்க? கையெழுத்துப் போட்டு வாங்குனது நான். அவ கெட்டிக்காரி. விடை தெரிஞ்சா போதும், மத்தத அங்க போய்ப் பாத்துக்குவா."

நான்தான் அவளைத் தேர்வுக்கு அழைத்துப் போனேன். நகரத்தில் ஒரு கல்லூரி. வெளியே வரும்போது வாயாடி வாயே திறக்கவில்லை. கண்காணிப்பாளராக இருந்த பெண் பின்னாலேயே வந்தார்.

"சார், இந்தப் பொண்ணுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? கையைப் பின்னால கட்டிக்கிட்டு சும்மாவே உக்காந்திருந்தா. யோசிக்கிறான்னு நெனச்சு விட்டுட்டேன். கடைசியில நான்தான் மவுஸ எடுத்துக் கையில குடுத்தேன். அதக் கொண்டு போய் ஸ்க்ரீன் மேல வெச்சுத் தேய்க்கிறா."

பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் பேசினாள்.

"தொடலாம்னு யாரும் சொல்லவே இல்ல சார்."

"விடை தெரிஞ்சுதா?"

"மொதக் கேள்விக்குத் தெரியும். அடுத்த கேள்வி எங்க இருக்குன்னுதான் தெரியல."



முடிவு வந்தது. அவள் பெயர் இல்லை. நடந்ததைப் பெரிய டீச்சரிடம் ஒன்று விடாமல் சொன்னேன், வலிக்கட்டும் என்றே சொன்னேன். அவர் நேராகப் போய் அறையைத் திறந்தார், உறைகளை உருவிப் போட்டார், பிள்ளைகளை உள்ளே விட்டார். அந்த வாரமே ஒரு மானிட்டர் கீழே விழுந்து நொறுங்கியது. உடனே கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தார். "உடைஞ்சா உடையட்டும் டீச்சர், வேற அனுப்புறோம்," என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு வைத்துவிட்டார்கள். இதற்காகவா இத்தனையும் என்று மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் இருவரும் சூளைக்குப் போனோம். வாயாடி ஈர மண்ணை அச்சில் அடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அம்மா ஓடி வந்தாள்.

"தப்பு என்னுதும்மா," என்றார் பெரிய டீச்சர். "நான்தான் கம்ப்யூட்டரத் தொட விடல. உன் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. மறுபடி எழுத விடுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். அடுத்த வருஷம்னா வயசு தாண்டிடும்ங்கிறாங்க."

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, நீங்க எதுக்கு டீச்சர் பழிய உங்க மேல போட்டுக்கறீங்க? எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. மத்த ஊர்ப் பிள்ளைங்களும் அதே பொட்டியிலதானே எழுதுச்சு? இவ மண்டைக்கு அவ்வளவுதான். நாங்கதான் பெருசா ஆசப்பட்டுட்டோம்."

"இல்லம்மா, நான் சொல்றதக் கேளு..."

"அவளே சொல்லிட்டா டீச்சர், எனக்குப் படிப்பு ஏறாதும்மான்னு."

பெரிய டீச்சர் வாயாடியின் தோளைப் பிடித்தார். "நீயாவது சொல்லு கண்ணு. யாரு மேல தப்புன்னு உனக்குத் தெரியும்ல? என்னைத் திட்டக்கூடச் செய்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன கேட்கிறார் என்றே அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இவ்வளவு தூரம் நமக்காக வந்திருக்காங்க, மரம் மாதிரி நிக்கிறியே," என்று அம்மா அவளை இடித்தாள். "டீச்சருக்கு ஒரு நன்றி சொல்லுடி."

"ரொம்ப நன்றி டீச்சர்," என்றாள் வாயாடி.