முந்திக்கொண்டு வரும் சிரிப்பு

என் மகளுக்கு அவள் அப்பாவோடு பேச வராது. நாங்கள் அன்னவாசலில், அவர் வளைகுடாவில். வீடியோ காலில் அவர் முகம் தெரிந்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "சாப்பிட்டியா, ஸ்கூலுக்குப் போனியா" என்று அவரும் எத்தனை நாளைக்குத்தான் கேட்பார்? போன லீவில் வந்திருந்தபோது, "இவங்க எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று அவர் எதிரிலேயே என்னிடம் கேட்டுவிட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த தடவை இவள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு என்ன பாடுபட்டாலும் சரி என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் அவர் போனில் இருக்கும்போது டிவியில் ஒருவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினான். பின்னால் நின்ற நாலு பேரும் சாணிக் குழியில் விழுந்தார்கள். மகள் சிரித்தாள். சத்தம் கேட்டு அங்கே அவரும் சிரித்தார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து, அவருக்கு லீவான வெள்ளிக்கிழமைகளில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இங்கேயும் அங்கேயும் ஒரே படம். போனை டிவி பக்கத்தில் ஒரு சொம்பில் சாய்த்து வைத்துவிடுவேன். எல்லாம் அடிதடிக் கிறுக்குப் படங்கள்தான். கதை புரிய வேண்டியதில்லை, யார் விழப்போகிறான் என்று தெரிந்தால் போதும்.

டீச்சராக இருக்கும் என் நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. "புள்ளைக்கு அறிவு வளர்ற மாதிரி ஏதாச்சும் போடுங்க அண்ணி. அடிக்கிறதும் விழுறதும் ஒரு படமா?"

"அறிவை நீங்க ஸ்கூல்ல குடுங்க. அவ அப்பாவை நான் குடுத்துக்கிறேன்" என்றேன்.

இதில் ஒரு தொல்லை. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சேர்ந்து பட்டனை அமுக்கினாலும் இங்கே நெட் இழுக்காமல் எங்கள் படம் சுற்றிச் சுற்றி நிற்கும், அவருடையது முந்திவிடும். இங்கே எவனும் விழுவதற்கு முன்பே அங்கே அவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். "ஏங்க, கொஞ்சம் அடக்கிக்கிட்டுச் சிரிங்க" என்று முதலில் திட்டினேன். பிறகுதான் மகளைக் கவனித்தேன். அவர் சத்தம் கேட்டதும் டிவியை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறாள். கண் மூடி, தோள் குலுங்க அவர் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் டிவிக்குத் திரும்புகிறாள். அன்றோடு சரிசெய்வதை நிறுத்தினேன். வேண்டுமென்றே அவரை முதலில் போடச் சொன்னேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. படத்தில் கல்யாண மாப்பிள்ளை வெல்லப்பாகு அண்டாவை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்து வருகிறான். கரண்ட் போய்விட்டது. போன் மட்டும் ஓடியது, அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இங்க கரண்ட் இல்லங்க, மிச்சத்தை அடுத்த வாரம் பாப்போம்" என்றேன்.

மகள் எழுந்து போய்ப் போனை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"நிறுத்தாதீங்கப்பா. நீங்க பாத்துச் சொல்லுங்க. அவரு விழுந்துட்டாரா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "விழுந்துட்டாருடா தங்கம். எந்திரிக்கப் பாக்குறாரு, வழுக்குது" என்றார்.

"அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே அவள் போனோடு வாசலுக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.