விற்பதற்காகக் கட்டிய அடுக்களை

மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு அடுக்களை மழைக்கு ஒழுகும், வெயிலுக்குப் புழுங்கும். நின்று சமைக்க ஒரு மேடையும் பாத்திரம் தேய்க்க ஒரு தொட்டியும் வேண்டும் என்று அம்மா கேட்காத வருஷமில்லை. "இப்போ என்ன அவசரம்?" என்பார் அப்பா. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவசரம் உண்டு. அம்மாவின் அடுக்களைக்கு மட்டும் வந்ததே இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பெரியப்பா தன் பாகத்தைப் பிரித்துக் கேட்டார். வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. "இருக்கறபடியே வித்துடுங்கோ" என்றாள் அம்மா. தரகர் ஒப்பவில்லை. "சாமி, பார்க்க வர்ற பெண்ணுங்க நேரே அடுக்களைக்குத்தான் கேறும். அது நல்லா இருந்தா மதி, அதுவே போதும், வீடு வித்துப் போயிடும்" என்றார். கட்டின மனைவிக்குத் திறக்காத காது தரகருக்குத் திறந்தது. ஓணத்துக்குள் கறுப்புக் கல் மேடை, எஃகுத் தொட்டி, வெள்ளை டைல்ஸ் எல்லாம் வந்து இறங்கிவிட்டன.

கூடவே அப்பா ஒரு சட்டமும் போட்டார். வாங்குகிறவர்கள் பார்க்கும்வரை அங்கே யாரும் சமைக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு படக் கூடாது. அம்மா அடுப்பைக் கிணற்றடித் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். அதன்பிறகு அப்பாவிடம் அவள் பேசியது "சாதம் ஆயாச்சு" மட்டும்தான். ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட எனக்குத் திக்கென்றிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கணவனும் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். முன்பு வந்தவர்களைப்போல இவர்களும் தட்டிப்போனால் கோர்ட்டுக்குப் போவேன் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். தரகர் சொன்னது பலித்தது. அந்தப் பெண்மணி நேரே அடுக்களைக்கு நடந்தாள். பின்னாலேயே போன அப்பா நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. கொட்டகையிலிருந்த அடுப்பு புது மேடைமேல் உட்கார்ந்திருந்தது. அதில் பால் பொங்கிக் கறுப்புக் கல்லில் வழிந்துகொண்டிருந்தது. புது அடுக்களையில் முதல் பால் வீட்டுக்காரிதான் காய்ச்ச வேண்டும். தமிழருக்கும் மலையாளிக்கும் அதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

"என்ன காரியம் பண்ணினே?" என்றார் அப்பா.

"பால் காய்ச்சினேன். நான் கேட்ட அடுக்களையாக்கும் இது."

வந்தவள் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தாள். அவள் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா பாலை ஆற்றி அவளிடம் நீட்டினாள். "நீங்க குடிவர்ற அன்னிக்கு உங்க கையால காய்ச்சிக்கோங்கோ. இன்னிக்கு இது என்னோடது."

அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "எத்தர வருஷமா கேக்கறீங்க, மாமி?"

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து."

அவள் நின்றபடியே பாலைக் குடித்து முடித்தாள். கணவரிடம் திரும்பி, "நமக்கு இது மதி" என்றாள்.

அவர்கள் போனதும், இனி உள்ளேயே சமைக்கலாம் என்று அப்பா பெருந்தன்மையோடு அறிவித்தார். அம்மா மேடையைத் துடைத்தாள், அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கே போனாள். வீட்டைக் காலி செய்யும்வரை அங்கேதான் சமையல். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்பாதான் கட்டிக் கொடுத்துவிட்டாரே, இன்னும் என்ன வேண்டுமாம் என்று நினைத்தேன். யாருக்குக் கட்டிக் கொடுத்தார் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.