மூன்று வாரம் ஆகாத மீன்கள்

கடைக்கு வரும் குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் மீனக்கா. நாளடைவில் பெரியவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். கடை அவளுடைய அக்கா கணவருடையது. முன்பக்கம் நாய்த் தீனியும் பறவைக் கூண்டுகளும். பின்பக்கம் சுவரோரமாக மூன்று அடுக்கில் இருபத்து நான்கு மீன்தொட்டிகள். பதினோரு வருடமாக அந்தப் பின்பக்கம் அவள் பொறுப்பு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே அங்கே போய் நிற்பாள். எந்த மீன் தீனிக்கு முன்னால் வருகிறது, எது மூலையில் ஒதுங்குகிறது, எதன் துடுப்பு விரியாமல் ஒட்டிக் கிடக்கிறது என்று ஒவ்வொரு தொட்டியாகப் பார்ப்பாள். டீ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருபத்து நான்கு தொட்டியின் தண்ணீரும் குழாய் வழியாகக் கீழே ஒரே பெரிய தொட்டியில் இறங்கி, வடிகட்டியைத் தாண்டி, மோட்டார் வழியே மறுபடி மேலே ஏறும். வேலை மிச்சம்தான். ஆனால் ஒரு தொட்டியில் நோய் வந்தால் எல்லாத் தொட்டிக்கும் வந்த மாதிரி. அதனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். புதிதாக வரும் மீன் எதுவானாலும் பின்னறையில் இருக்கும் தனித்தொட்டியில் மூன்று வாரம் இருந்தாக வேண்டும். அதற்கென்று தனி வலை, தனி வாளி.

அந்த வருடம் விடுமுறைக் காலம் தொடங்கும் முன், புது மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு பெட்டி ஏஞ்சல் மீன்கள் வந்தன. வெள்ளி நிறம், நீண்ட துடுப்புகள், கண்ணைப் பறிக்கும் அழகு. தனித்தொட்டியில் விட்டாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் அவை எல்லாம் கடையின் நடுத்தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தன.

மாமாவிடம் கேட்டாள். லீவுக் கூட்டம் வரும் நேரத்தில் தொட்டி வெறிச்சென்று இருந்தால் யார் உள்ளே வருவார்கள் என்று அவர் கேட்டார்.

"எல்லாம் சுறுசுறுப்பாத்தான் இருக்கு. நீ என்னம்மா, புது மருமகளைப் பாத்த மாமியார் மாதிரி மீனுக்குக் குறை தேடிட்டு இருக்க" என்று சிரித்தார்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வாரம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மனைவிதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருந்தார். நாய், பூனை, பறவை எதுவும் வீட்டில் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் மீனாவது வளர்க்கிறேன் என்றார். "இதுங்களாவது கடிக்காது, பிறாண்டாது இல்லையா?" என்று கேட்டார். மீனக்கா வலையை எடுத்து, இருப்பதில் நல்லதாக நாலு ஏஞ்சலைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்தாள். மூன்று வாரம் ஆகவில்லை என்று வாய்வரை வந்தது. கல்லாவில் மாமா உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஏஞ்சல் இளைக்கத் தொடங்கியது. நன்றாகத் தின்றது, ஆனாலும் வயிறு ஒட்டிக்கொண்டே போனது. அடுத்த வாரம் இன்னொன்றின் முதுகு வளைந்தது. மருந்து போட்டாள், தண்ணீர் மாற்றினாள், சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். எதற்கும் அசையவில்லை. அப்புறம் கடைசி அடுக்கில், கோடியில் இருந்த கௌராமி மீன் ஒன்றின் பக்கவாட்டில் செதில் உதிர்ந்து சிவப்பாய் ஒரு புண். அந்தத் தொட்டிக்கும் நடுத்தொட்டிக்கும் இடையே ஏழு தொட்டிகள் இருந்தன. அவள் குனிந்து, கீழே ஓடிக்கொண்டிருந்த மோட்டாரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வலது ஆள்காட்டி விரலிலும் அதற்குள் ஒரு சிவந்த கட்டி இருந்தது. கண்ணாடி விளிம்பைத் தேய்க்கும்போது கீறிய இடம். வலி பெரிதாக இல்லை. களிம்பு போட்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். "என்ன, விரல்ல முத்து விளையுதா?" என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் கேலி செய்தார். மூன்றாவது வாரம் மணிக்கட்டில் இன்னொரு கட்டி வந்தது. அதற்கடுத்து முழங்கைக்குக் கீழே ஒன்று. விரலிலிருந்து யாரோ கையில் ஏறி வருவதுபோல வரிசையாக இருந்தன. கணவர் கேலியை நிறுத்திவிட்டு அன்றைக்கு லீவு போட்டார்.

முதலில் பார்த்த டாக்டர் களிம்பை மாற்றிக் கொடுத்தார். இரண்டாவதாகப் பார்த்த தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கடையில மீன் சாகுதா?"

"இளைச்சு இளைச்சு சாகுது. முதுகு வளையுது."

கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பதில் வர வாரக்கணக்கில் ஆயிற்று. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி மாதிரியான ஒன்று, மீனிடமிருந்து காயம் வழியாக உள்ளே போகும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அவளுக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் கேட்டார்:

"உடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியானவங்க யாராவது உங்ககிட்ட மீன் வாங்கினாங்களா?"

வாத்தியாருக்குத் தன் கையால் பிடித்துக் கொடுத்த நாலு ஏஞ்சலைப் பற்றிச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போனாள். விஷயம் வெளியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார் மாமா. நோயுள்ளதை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாமே என்றார். அவள் குரலை உயர்த்தவில்லை. முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் கையை அவர் முன்னால் கல்லா மேல் வைத்தாள்.

"உங்க பேத்தி சனிக்கிழமை சனிக்கிழமை வந்து அந்தத் தொட்டியிலதான் கையை விட்டு விளையாடுது, மாமா."

அவர் எழுந்து போய் ஷட்டரை இறக்கினார். திரும்பி வந்தபோது பேத்தியின் அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

அன்று மதியமே மீனக்கா வாத்தியார் வீட்டுக்குப் போனாள். மனைவி கதவைத் திறந்தார். உள்ளே சோபாவில் வாத்தியார் இருந்தார். இடது கையில் பெரிய கட்டு. ஒன்றரை மாதமாக வீங்கிக்கொண்டே போகிறது, என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை, நாளை மறுநாள் கீறிப் பார்க்கப் போகிறார்கள் என்றார். டிவிக்குப் பக்கத்தில் தொட்டி பளபளவென்று இருந்தது. நாலில் இரண்டு மீன்தான் மிச்சம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சோதனை முடிவின் நகலை நீட்டினாள். வாத்தியாரின் மனைவி அதை வாங்கி நிதானமாகப் படித்தார். கத்தவில்லை.

"பிடிச்சுக் குடுக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"நோய்னு தெரியாதும்மா. மூணு வாரம் ஆகலைன்னு தெரியும்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

நோயின் பெயர் தெரிந்ததால் சிகிச்சை சரியான வழியில் போனது. ஆனாலும் கிருமி எலும்புவரை போயிருந்தது. நடுவிரலில் இரண்டு கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. மனைவி கொடுத்த சிறுநீரகம் தப்பியது. இதெல்லாம் தோல் டாக்டர் மூலம்தான் மீனக்காவுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து யாரும் பிறகு கடைப் பக்கம் வரவில்லை.

கடையில் மீன்கள் எல்லாவற்றையும் அவளேதான் முடித்தாள். தண்ணீரில் கிராம்பு எண்ணெய் கலந்தால் அவை தூங்கிக்கொண்டே போய்விடும். இரண்டு நாள் ஆயிற்று. அக்காவும் கூடவே நின்றாள். வலை, குழாய், கூழாங்கல் எல்லாம் குப்பைக்குப் போயின. தொட்டிகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வெயிலில் காய வைத்தார்கள். பேத்திக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் மாமா வாரா வாரம் அந்தப் பிஞ்சுக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

விஷயத்தை எழுதி ஷட்டரில் ஒட்டினார்கள். மொத்தம் பத்தொன்பது ஏஞ்சல் விற்றிருந்தது. விசாரித்து விசாரித்து பதினொன்று யார் வீட்டுக்குப் போனது என்று கண்டுபிடித்தாள். மீதி எட்டும் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

நாலு மாதம் கழித்து எட்டே தொட்டிகளோடு கடை மறுபடி திறந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி வடிகட்டி, தனி வலை. மீனக்கா முழங்கைவரை கையுறை போடுகிறாள். கட்டிகள் வற்றிவிட்டன, ஆனால் மழைக்காலத்தில் அந்த விரல் மடங்காது. மாமா இப்போது வலையைத் தொடுவதே இல்லை.

போன வாரம் முன்பின் தெரியாத ஒரு பெண் மீன் தீனி வாங்க வந்தாள். கட்டைவிரலில் பிளாஸ்திரி. மீனக்கா டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, கையில் என்ன என்று கேட்டாள். வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்றாள் அவள்.

"எத்தனை நாளாச்சு?"

அந்தப் பெண் யோசித்தாள். "இருக்கும் ஒரு மாசம். ஏன்க்கா, ஆறவே மாட்டேங்குது."