இருசம்மாள் மகளுக்கு நற்சாட்சி

ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவில் இருசம்மாளின் வாய்க்கு அஞ்சாதவர் யாரும் இல்லை. மீன் கூடையை இறக்கி வைப்பதற்குள் இரண்டு சண்டையை முடித்துவிடுவாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்பார்கள். உண்மைதான், எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கும்?

அவளுடைய ஒரே மகள் நாகம்மாள், பதினெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பியவள். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் மருத்துவச்சிப் படிப்பு சொல்லிக்கொடுத்தார்கள். அதில் சேர்ந்துவிட்டால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். இருசம்மாளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

முன்பெல்லாம் ஓலை வாசிக்கத் தெரிந்தாலே சேர்த்துக்கொள்வார்கள். நாகம்மாளும் அதற்காக எழுத்துக் கற்றிருந்தாள். ஆனால் போன வருஷம் கடகடவென்று வாசித்துச் சேர்ந்த இருவர், பிரசவ வலியில் கத்திய பெண்களை அதட்டியே விரட்டிவிட்டார்களாம். படிப்பு சொல்லிக்கொடுத்த கோட்டை வைத்தியர் விதியை மாற்றினார். இனி வாசிப்பு மட்டும் போதாது. பொறுமைசாலி என்று உறவில்லாத இருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

தோணிரேவில் உறவில்லாதவர்களைத் தேடுவது உப்பேரியில் நல்ல தண்ணீர் தேடுவது மாதிரி. மாமன், மச்சான், பங்காளி எல்லாரையும் கழித்தபின் மிஞ்சியவர்கள் இருவர்: உப்பு விற்கும் வரதன், எண்ணெய் விற்கும் கஸ்தூரியம்மாள். வரதனின் வாத்து கருவாட்டை மிதித்ததற்காக, அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருந்தாள் இருசம்மாள். கஸ்தூரியம்மாளோடு எதற்குச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. சண்டை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பெற்ற மனம் வெட்கம் பார்க்குமா? நல்ல இறாலாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு இரண்டு வாசலிலும் போய் நின்றாள்.

"என்னை இன்னா வேணாலும் சொல்லுண்ணே. பொண்ணு ஒரு பாவமும் அறியாதவ."

"பாக்கலாம்," என்றான் வரதன். கஸ்தூரியம்மாள் இறாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

குறித்த நாளில் இருவரும் கோட்டைக்கு வந்தே விட்டார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று நாகம்மாள் சத்தியம் வாங்கியிருந்ததால், இருசம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இவள் பொறுமைசாலி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று துபாஷி கேட்டார்.

வரதன் இருசம்மாளைக் கைகாட்டினான். "அதோ நிக்குதே, அதான் பொண்ணோட அம்மா. இதோட ஒரே குடிசையில இத்தினி வருசம் அந்தப் பொண்ணு இருந்திருக்குது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நாங்க கேட்டதில்ல."

"வலியில எவ கத்தினாலும் இது கத்துறதுல பாதி வராது சாமி," என்றாள் கஸ்தூரியம்மாள். "இதையே தாங்கினவ."

துபாஷி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். வைத்தியர் இருசம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது மெய்தானா என்று தாயையே கேட்கச் சொன்னார்.

இருசம்மாளுக்கு நாக்கு துடித்தது. மகளைப் பார்த்தாள்.

"மெய்தான் சாமி. இவ புருசன் செத்த அன்னிக்குக்கூட நான்தான் கத்திக்கினு இருந்தேன். இவதான் என்னைத் தேத்தினா."

வைத்தியர் பெயரை எழுதிக்கொண்டார். படிப்பு முடியும்வரை கோட்டையிலேயே தங்க வேண்டும், நாளைக்கே வரலாம் என்றார்.

வெளியே வந்தபிறகுதான் இருசம்மாளுக்கு அது உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே வூட்ல நான் யார்கிட்ட கத்துறது?"

"எங்க வூட்டாண்ட வா," என்றாள் கஸ்தூரியம்மாள்.