செல்லாயியின் ரிப்பன் ரோஜாக்கள்

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். செல்லாயியின் தம்பி மாரிமுத்து ஒரு துணி மூட்டையோடு வந்து நின்றான். "அக்கா போயிருச்சுங்க. நேத்துக் கொழுந்து எடுத்துட்டு வர்றப்ப ஓடையில திடீர்னு வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போயிருச்சு" என்றான். "எந்த அக்கா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒரே அக்காதான். அது தெரிந்தும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இதே கடையில் உட்கார்ந்து, பச்சை ரிப்பன் போதாது என்று என்னோடு சண்டை போட்டவள். புதன்கிழமை அவள் இல்லை என்றால் எப்படி நம்புவது? இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவளை அறியாதவர்கள் இல்லை. ஆனால் பதுளையில் என் தையற்கடையிலிருந்து போன குஷன் உறைகளில் புடைத்து நின்ற பட்டு ரிப்பன் ரோஜாக்கள் அவள் கைவேலை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? முன்பிருந்த தோட்டத்துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தபோது பழகிய வேலை அது. நானோ ஊசியை இழுத்து இறுக்கியே பழகியவன். என் தையலைப் பார்த்துச் சிரிப்பாள். "இறுக்கினா அது வெறும் நாடா அண்ணே. கொஞ்சம் தளர விடுங்க, அப்பத்தான் இதழ் நிக்கும்."

ஒருமுறை, கடையில் தைத்த எந்தத் துணியையும் தேய்த்து அனுப்பும் வழக்கத்தில், அவள் முடித்த உறையின் மேல் பெட்டியை வைத்துவிட்டேன். பன்னிரண்டு ரோஜாவும் அப்பளமாகிவிட்டன. அவள் திட்டவில்லை. கேத்தல் மூக்கிலிருந்து வரும் ஆவியில் துணியைப் பிடித்து, ஊசி முனையால் இதழ் இதழாகத் தூக்கினாள். ஒன்று மட்டும் எழவில்லை. அதைப் பிரித்துப் புது ரிப்பனில் தைத்தாள். நசுங்கிய ரிப்பனை இஸ்திரி மேசைக்கு மேலே சுவரில் குத்திவைத்து, "இதப் பாத்துட்டுத் தேய்ங்க" என்றாள்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துரையின் மனைவி, துரைசாணி, வந்து பூக்களைத் தடவிப் பார்த்து என் கைத்திறனைப் பாராட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். செல்லாயியிடம் சொன்னபோது, "நான் செஞ்சதுன்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டாள். அடுத்த முறை சொல்கிறேன் என்றேன். அந்த அடுத்த முறை மூன்று வருடமாக வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாரிமுத்துவின் மூட்டையில் அவள் கடைசியாக முடித்த உறை இருந்தது. பூ வேலைத் துணியை அவள் ஒருநாளும் மடித்ததில்லை. கொழுந்துக் கூடைக்குள் விரித்துத்தான் கொண்டுவருவாள். பாவம், அவனுக்கு அது தெரியாது. இறுக்கிக் கட்டியிருந்தான். கேத்தலை அடுப்பில் வைத்தேன். ஆவி பட்டதும் ரோஜாக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. இந்த முறை எழாமல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைப் பார்த்து அவன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

சனிக்கிழமை துரைசாணி வந்தார். "இது செல்லாயி செஞ்சதுங்க அம்மா. முன்ன நீங்க வாங்கினதெல்லாமும் அது செஞ்சதுதான்" என்றேன். அவர் உறையை மடியில் வைத்துக்கொண்டு, "அவளக் கூட்டிட்டு வா, நான் பாக்கணும்" என்றார்.

என்னிடம் அவளுடையதாக இருப்பது சுவரில் குத்திய அந்த நசுங்கிய ரிப்பன்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.